கவின் இரவல் வாங்கி வந்த இயர்பட்ஸ்

குழு: குடும்பத் திண்ணை

வெள்ளிக்கிழமை

கவின், இரவு 9:12
அனைவருக்கும் வணக்கம். அலுவலக நண்பர் ஒருவர், தாம் புதிதாக வாங்கிய உயர்தர இயர்பட்ஸை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார். பிடித்துப்போனால் நானும் அதையே வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறேன். அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி என்னுடைய பழைய ஜோடியைக் காதில் வைக்க மனம் வருமா என்றே தெரியவில்லை.

தேவி அக்கா, இரவு 9:15
போன மாதம் புதுச் செருப்பு வாங்கியபோதும் இதே வாக்கியத்தைத்தான் எழுதினாய். என்ன வித்தியாசம் என்று சொல்.

கவின், இரவு 9:18
வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கேட்கின்றன. பாடகர் அடுத்த அடிக்கு முன் மூச்சை இழுப்பதுகூடத் தெரிகிறது. பழையதில் அடுத்த அறையிலிருந்து பாடியவர், இதில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மீனா சித்தி, இரவு 9:31
கவின், ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துத்தான் ஒப்பிட்டாயா?

கவின், இரவு 9:33
ஆம் சித்தி. போனில் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தேன், பாதிக்குச் சற்று மேலே.

மீனா சித்தி, இரவு 9:44
போனில் கோடு ஒரே இடத்தில் நிற்பதால் காதுக்குள் விழும் ஒலியும் ஒரே அளவாகிவிடாது. ஒவ்வொரு இயர்பட்டிலும் அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரும், ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கரான டிரைவரும் இருப்பதால், அதே இடத்தில் ஒன்று உரக்கப் பேசும், மற்றது அடக்கிப் பேசும். இதில் சிக்கல் என்னவென்றால், ஒரு டெசிபல் கூடினால் அதைச் "சத்தம் கூடிவிட்டது" என்று மனம் எடுத்துக்கொள்வதில்லை. "தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது பேஸை, அதாவது தாழ்ந்த சுருதி ஓசைகளை, மற்றவற்றைவிட அதிகமாகவே குறைத்துக் கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து வெளியிட்ட வளைகோடுகள் இதைத்தான் காட்டுகின்றன. ஆகவே சற்று உரக்க ஒலிக்கும் ஜோடியில் பேஸ் தானாகவே நிரம்பியது போலத் தோன்றும்.

ரகு மாமா, இரவு 9:50
அப்படியானால் பையன் இவ்வளவு நேரம் ரசித்தது இயர்பட்ஸை அல்ல, சத்தத்தை என்கிறாயா?

மீனா சித்தி, இரவு 9:58
அப்படி முடிவு கட்டவில்லை அண்ணா. சமப்படுத்தாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன். கவின், தனிக் குரல் மட்டும் உள்ள ஒரு பதிவை எடுத்துக்கொள், பேச்சாக இருந்தாலும் சரி. ஒரு ஜோடியைக் கழற்றி மற்றதை மாட்டி, அந்தக் குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்கும் வரை அளவை மாற்று. இசையை வைத்துச் சமப்படுத்தாதே. பேஸ் மிகுந்த ஜோடி உன்னை ஏமாற்றிவிடும். பல போன்களில் ஒலியளவுக்கு 15 படிகள்தான் இருக்கும். ஒரு படி ஏறினாலே இரண்டு மூன்று டெசிபல் தாவிவிடலாம். சரியாகப் பொருந்தாவிட்டால், உனக்குப் பிடித்த ஜோடியையே ஒரு படி கீழே வைத்துக் கேள். அப்போதும் அதுவே வென்றால் நான் நம்புகிறேன்.

சனிக்கிழமை

கவின், காலை 8:05
சித்தி சொன்னபடியே செய்தேன். புதியதை மூன்று படிகள் இறக்க வேண்டியிருந்தது. வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிட்டது; ஆனால் மறையவில்லை. இப்போது வேறொரு குறை கண்ணில் படுகிறது, அதாவது காதில் படுகிறது. இடப் பக்கம் பேஸே இல்லை. மிருதங்கத்தில் உயர்ந்து ஒலிக்கும் முகமான வலந்தலையின் ஓசை இரு காதுகளிலும் கணீரென்று விழுகிறது. தாழ்ந்து ஒலிக்கும் மறுமுகமான தொப்பியின் ஓசை மட்டும் வலக் காதில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. இவ்வளவு உயர்ந்த பொருளில் இடது டிரைவர் பழுதாகியிருக்குமா? நண்பரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருக்கிறது.

மீனா சித்தி, காலை 8:11
அவரிடம் சொல்வதற்கு முன், பாட்டு ஓடும்போதே இடது இயர்பட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பிடித்துக் கேள்.

கவின், காலை 8:13
அழுத்தினால் பேஸ் வருகிறது, விரலை எடுத்தால் போய்விடுகிறது!

மீனா சித்தி, காலை 8:26
டிரைவரில் பழுதில்லை, காதுக்குள் செருகும் மென்முனையான டிப்பில்தான் இடைவெளி இருக்கிறது. டிப் காதுக் குழாயைக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தால்தான் அந்தச் சின்னஞ்சிறு டிரைவரால் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு வேண்டிய அழுத்தத்தை உண்டாக்க முடியும். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் போதும். குரலும் ஜாலராவும் இருந்த இடத்தில் இருக்க, பேஸ் மட்டும் கசிந்து ஓடிவிடும். இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் டிப்களில் ஒரு சுற்றுப் பெரியதை எடுத்து இடதுக்குப் போடு. பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பார். உன் குரல் இரண்டு காதுகளுக்குள்ளும் ஒரே கனத்தில் முழங்கினால் அடைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் முழங்கி மறுபக்கம் மெலிந்தால், மெலிந்த பக்கம் கசிகிறது.

கவின், காலை 9:02
இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம் என்று மாற்றினேன். முனகல் இரு பக்கமும் சமமாக முழங்குகிறது. மிருதங்கமும் நடுவுக்கு வந்துவிட்டது. தொப்பியில் கையை அழுத்திக் கும்கி எழுப்பும்போது சுருதி வளைந்து ஏறுவது இவ்வளவு துல்லியமாக எனக்கு இதுவரை கேட்டதே இல்லை. அதோடு நிற்கவில்லை. பழைய ஜோடியின் பெட்டியைத் தேடி எடுத்து, அதன் இடதுக்கும் பெரிய டிப்பைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே கும்கி கேட்கிறது. மூன்று ஆண்டுகளாக இடக் காதால் முக்கால் பாட்டைத்தான் கேட்டு வந்திருக்கிறேன்.

தேவி அக்கா, காலை 9:04
அந்த மூன்று ஆண்டுகளும் "இடது பக்கம் மட்டமான தயாரிப்பு" என்று நீ திட்டியதை நாங்கள்தானே கேட்டோம்.

ரகு மாமா, மாலை 6:40
இன்று நானும் கவினிடம் அதை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், டிப்களைத் துடைத்த பிறகுதான். எனக்குப் பட்டுப் போல இருந்தது, உறுத்தல் என்பதே இல்லை. கவினோ, பாடகி "ஸ", "ஷ" என்று சொல்லும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது என்கிறான். கருவி ஒன்று, பாட்டு ஒன்று. இருவரில் யார் பொய் சொல்கிறோம்?

மீனா சித்தி, மாலை 7:05
இருவரும் பொய் சொல்லவில்லை. 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்தது இளங்காதுக்கு உரிய கணக்கு. வயது ஏற ஏற அது மேல் முனையிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். "ஸ" ஓசையின் வலுவெல்லாம் ஐந்தாறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருப்பதால், அந்தக் கூர்மை உங்கள் காதுக்கு முன்பே மழுங்கிப்போயிருக்கும். அதுபோக, காதுக் குழாயின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகையால் ஒரே இயர்பட் இருவர் காதில் ஒரே ஓசையைத் தருவதில்லை. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் பலரைக் கேட்க வைத்து, பெரும்பாலோர் விரும்பும் ஒலிச்சமனை ஒரு வளைகோடாக வரைந்தார்கள். இன்று பல இயர்பட்ஸ் அதை ஒட்டியே சுருதி கூட்டப்படுகின்றன. அந்தப் பெரும்பாலோரில் நீங்களும் கவினும் அடங்க வேண்டிய கட்டாயமில்லை. கவின், செயலியில் அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, 7 கிலோஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பார்.

ரகு மாமா, இரவு 8:12
தேவி ஒரு செயலியில் சுருதியை ஏற்றிக்கொண்டே போனாள். 11 கிலோஹெர்ட்ஸோடு என் உலகம் முடிந்துவிட்டது. 15இல் அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மீனா சித்தி, இரவு 8:14
கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள் அண்ணா. கேட்காத ஒலியும் காதைத் தாக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

கவின், காலை 10:20
ஈக்வலைசரில் குறைத்தபின் குத்தல் போய்விட்டது. இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த ஜோடி சோனி உருவாக்கிய எல்டாக் கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கிப் புளூடூத்தில் அனுப்பும் முறையில், இயங்குகிறது. நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்புமாம். பழையதில் ஏஏசி என்ற வேறொரு கோடெக் மட்டும்தான். எஞ்சிய வித்தியாசத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மீனா சித்தி, காலை 10:34
நினைக்காதே, சோதித்துவிடு. இரண்டு ஜோடிகளைக் கண்ணை மூடி ஒப்பிடுவது கடினம். காதில் ஏறியவுடன் எது எதுவென்று தொடுவுணர்வே காட்டிக்கொடுத்துவிடும். கோடெக்கை அப்படி ஒப்பிடலாம், ஏனென்றால் காதிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. போன் தேவியிடம் இருக்கட்டும். அவள் நாணயம் சுண்டி எல்டாக்கையோ ஏஏசியையோ தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் பாட்டை நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய். பத்து முறை செய்யுங்கள்.

தேவி அக்கா, காலை 11:48
செய்தோம். பத்துக்கு ஆறு சரி. ஐயா வெற்றி முகத்தோடு உலாவுகிறார்.

மீனா சித்தி, காலை 11:55
பாட்டையே கேட்காமல் பூவா தலையா போட்டுப் பதில் சொன்னாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 38 தடவை ஆறோ அதற்கு மேலோ சரியாக வந்துவிடும். ஒன்பது சரியாக வந்திருந்தால் காதைப் பாராட்டியிருப்பேன். எல்டாக் வீண் என்று சொல்லவில்லை. உனக்குப் பழகிய அந்தப் பாட்டில், உன் காதுக்கு, அதனால் வித்தியாசம் வரவில்லை. அவ்வளவுதான்.

ரகு மாமா, பிற்பகல் 12:10
எனக்கு ஒரு சந்தேகம். இதையே போட்டுக்கொண்டு கவின் என்னோடு பேசியபோது, தான் கேட்பது பழைய தொலைபேசி போல இருக்கிறது என்றானே, அது ஏன்?

மீனா சித்தி, பிற்பகல் 12:15
மைக் திறந்தவுடன் புளூடூத் இசைக்குரிய வழியை விட்டுவிட்டு, இரு பக்கமும் பேசுவதற்கான குறுகிய வழிக்கு மாறிவிடும். உயர்தரக் கருவியும் அந்த வழியில் போகும்போது அடங்கித்தான் ஒலிக்கும்.

புதன்கிழமை

கவின், இரவு 9:40
மூன்று நாள்களாக அலுவலகம் போகும் பேருந்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வீட்டின் அமைதியில் இரண்டுக்கும் இடையே கொஞ்சம்தான் தூரம் இருந்தது; பேருந்தில் அது பெரிதாகிவிட்டது. புதியதில் புறச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் எஞ்சினின் உறுமலை ஏறக்குறைய முழுமையாகத் துடைத்துவிடுகிறது. ஹாரனையும் பக்கத்தில் பேசுபவர் குரலையும் அந்த அளவுக்குத் துடைப்பதில்லை. பழையதில் பாட்டு கேட்க வேண்டுமானால் நான்கு படிகள் ஏற்ற வேண்டியிருக்கிறது.

மீனா சித்தி, இரவு 9:52
உறுமல் ஒரே சீராக வருவதால், அதற்கு எதிர் அலையைத் தயாரிக்க இயர்பட்டுக்கு அவகாசம் கிடைக்கிறது. திடீரென்று எழும் ஓசைக்குக் கிடைப்பதில்லை. அந்த நான்கு படிகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். நீ கணக்குப் போட்டுக்கொள். வாங்குவதானால் பேருந்துக்காக வாங்கு, பாடகரின் மூச்சுக்காக வாங்காதே. மூச்சு இப்போது பழையதிலும் கேட்கிறது அல்லவா?

கவின், இரவு 9:55
கேட்கிறது. வாத்தியங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் இடங்களில் மட்டும் பழையது குழம்புகிறது. அதன் பேட்டரி ஓய்ந்துபோகும் வரை அதையே வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். பேருந்தில் மட்டும் இரண்டு படிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை

கவின், பிற்பகல் 1:20
நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையில் வாங்கிக்கொண்டே அவர், "வலதில் பேஸ் குறைவாக இருப்பதைக் கவனித்தீர்களா? மாற்றித் தரச் சொல்லி எழுதலாம் என்றிருக்கிறேன்" என்றார். அவரை உட்கார வைத்து, இரண்டையும் மாட்டி, வாயை மூடிக்கொண்டு முனகச் சொன்னேன்.

தேவி அக்கா, பிற்பகல் 1:22
முனகினாரா?

கவின், பிற்பகல் 1:23
முனகினார். அவருக்குக் கசிவது வலது. பெரிய டிப்பை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறார்; பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் தங்கள் இயர்பட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு முனகத் தொடங்கிவிட்டார்கள்.