புதுப்பிப்பு: வெப்.கான்ஃபிக் கனெக்‌ஷன் ஸ்டிரிங் சிக்கல் தீர்ந்தது

எங்கள் ஏஎஸ்பி.நெட் (மைக்ரோசாஃப்டின் இணையதளத் தொழில்நுட்பம்) தளத்தின் வெப்.கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், தரவுத்தளத்தோடு இணையும் விவரத்தைச் சொல்லும் ஒரே ஒரு கனெக்‌ஷன் ஸ்டிரிங்தான் இருக்கிறது, ஆனாலும் கோடு (நிரல்) வேறு ஏதோ எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தைத் தேடிப் போகிறது என்று கேட்டிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. பழைய கோடு பெயரைச் சொல்லாமல் பட்டியலில் 0 என்ற, அதாவது முதல், இடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டிருந்தது. டாட்நெட்டோ முதலில் சர்வர் முழுவதற்குமான மெஷின்.கான்ஃபிக் அமைப்புக் கோப்பைப் படித்துவிட்டு அதன்மேல்தான் நம் கோப்பைச் சேர்க்கிறது, அங்கே லோக்கல்எஸ்கியூஎல்சர்வர் என்று ஒன்று ஏற்கெனவே இருப்பதால் நம்முடையது பின்னால் போய்விடுகிறது. பெயரைச் சொல்லி எடுத்ததும் சரியாகிவிட்டது. கோடில் கை வைக்க முடியாதவர்கள் வெப்.கான்ஃபிக்கில் கனெக்‌ஷன்ஸ்டிரிங்ஸ் பகுதியின் தொடக்கத்தில் முன்பு சேர்ந்தவற்றை நீக்கும் ஒரு கிளியர் டேக் போட்டாலும் போதும், ஆனால் அந்த லோக்கல் ஸ்டிரிங்கை நம்பி மெம்பர்ஷிப் புரொவைடர் (பயனர் கணக்குகளைக் கவனிக்கும் பகுதி) ஓடுகிறதா என்று தயவுசெய்து முதலில் பாருங்கள். அப்புறம், தளம் பயன்படுத்தும் கிளாஸ் லைப்ரரியின் (தனி நிரல் தொகுப்பின்) ஆப்.கான்ஃபிக் கோப்பில் ஸ்டிரிங்கைப் போட்டுப் பயனில்லை, தளம் ஓடும்போது அதைப் படிப்பதே இல்லை.