அம்மாவின் முட்டிக்கு எக்ஸெல் (XL) அளவு பெல்ட் வாங்கினேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஈரோடு, மகள்

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு வருடமாக வலது முட்டியில் வலி. போன மாதம் மருந்துக்கடைக்குப் போய், "முட்டிக்குப் போடுற பெல்ட் ஒண்ணு குடுங்க" என்றேன். கடைத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா உங்களை மாதிரியா, இல்ல கொஞ்சம் குண்டா?" என்று கேட்டார். கொஞ்சம் குண்டு என்றேன். எக்ஸெல் அளவில் ஒரு நீ கேப் (knee cap, முட்டியில் இழுத்து மாட்டும் துணி உறை) எடுத்துப் போட்டுவிட்டார். அளவெடுத்தது அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இடுப்புதான் பருமன், கால் குச்சி. போட்ட முதல் நாளே, காய்கறிக் கடையை எட்டுவதற்குள் அது வழுக்கிக் கணுக்காலில் வந்து நின்றது. நடுத்தெருவில் புடவைக்குள் கையை விட்டு இழுத்துவிட முடியுமா? சரி என்று மீடியத்துக்கு மாற்றி வாங்கினேன். அது கெட்டியாகப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தால்தான் வலி கேட்கும் என்று அம்மா ராத்திரியும் கழற்றவில்லை. காலையில் பார்த்தால் கெண்டைக்கால் வீங்கியிருந்தது. முட்டிக்குப் பின்னால் துணி மடிந்த இடத்தில் சிவப்பாக இரண்டு கோடு. பாதத்துக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பயந்துபோய் எலும்பு டாக்டரிடம் ஓடினோம். அவர் அம்மாவை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முன்பு வேறொரு இடத்தில் படுக்க வைத்து எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. இந்தப் படத்தில் முட்டியின் உள்பக்கம் எலும்போடு எலும்பு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது, வெளிப்பக்கம் இடைவெளி நன்றாக இருந்தது. "உள்பக்கம்தாம்மா தேய்ஞ்சிருக்கு, கால் வில்லா வளைய ஆரம்பிச்சிருக்கு. நீ கேப் இதுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி, சீட்டில் 'அன்லோடர்' என்று வேறொரு வகைப் பெல்ட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார். தேடிப் பார்த்தால் படம் படமாக வருகிறது, விலையோ ஆயிரங்களில். போட்டுப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

சேலம், ஜவுளிக்கடையில் நிற்கிற வேலை

அக்கா, எனக்கு 38 வயது. என் வலி வேறு மாதிரி. முட்டியின் முன்பக்கம், சில்லுக்கு (முன்னால் இருக்கிற வட்ட எலும்பு) அடியில். சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது, படி இறங்கினால்தான் உயிர் போகும். எங்கள் கடையில் மூன்று மாடி. வாடிக்கையாளர் "அந்த மாம்பழ மஞ்சள்ல இன்னொண்ணு காட்டுங்க" என்றால் மேலே ஓடி எடுத்து வர வேண்டும். ஏறும்போது கூடத் தாங்கிக்கொள்வேன், இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து வருவேன். கூட வேலை செய்கிற பெண்கள் 'நண்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பிசியோதெரபியில் சில்லைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, முன்னால் வட்டமாக ஓட்டை விட்ட நீ கேப் போடச் சொன்னார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி உள்ளே மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். அது சில்லை விலகாமல் பிடித்துக்கொள்ளும், மேலே நேராக அழுத்தாது. எனக்கு அது நன்றாகக் கேட்டது. அதற்கு முன்னால் மூடிய நீ கேப் போட்டிருந்தபோது சில்லு மேல் அழுத்தி வலி கூடத்தான் செய்தது.

ஒரே ஒரு தொல்லை, வியர்வை. முதலில் வாங்கியது நியோப்ரீன், கடலில் முக்குளிப்பவர்கள் போடும் உடுப்பு இருக்கிறதே, அதே ரப்பர் துணி. குளிர்காலத்தில் சூடு பிடித்து இதமாக இருந்தது. சித்திரை வந்தது, முதலில் வேர்க்குரு, அப்புறம் ஓட்டை வடிவத்திலேயே ஒரு தடிப்பு. தோல் டாக்டர் அந்த ரப்பரே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். காற்றுப் போகிற பின்னல் துணியில் மாற்றிக்கொண்டேன். இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று துவைக்க ஒன்று போட. துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவையுங்கள். நான் அப்படியே ஊறப்போட்டு, என் பட்டுப்புடவை முந்தானையில் அது மாட்டி நூல் நூலாக இழுத்துவிட்டது. முட்டி வலியைவிட அதுதான் இன்னும் வலிக்கிறது.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற நடத்துநர்

முப்பத்திரண்டு வருசம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால் இது. துபாயில் இருக்கிற மகன் ஆசையாக ஒன்று வாங்கி வந்தான். ரெண்டு பக்கமும் இரும்புக் கீல், நாலு பட்டை. போட்டு நடந்தால் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட மாதிரி 'டக் டக்' என்று சத்தம். வேட்டிக்கு மேலே போடுவதா உள்ளே போடுவதா என்றே ஒரு வாரம் ஓடிவிட்டது. டாக்டரிடம் காட்டினால், "ஐயா, இது ஜவ்வு அறுந்து முட்டி ஆடுறவங்களுக்கு. உங்க முட்டி ஆடல, லேசாத் தேய்ஞ்சிருக்கு" என்றார். இப்போது அது பரணில், தீபாவளிக்கு வாங்கிய பெரிய அண்டாவுக்குள் இருக்கிறது. மகன் லீவில் வரும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வேன்.

காலை நடைக்கு ஒரு சாதா நீ கேப்தான். எடையை அது தாங்காது என்று தெரியும். ஆனால் ஒரு கதகதப்பு இருக்கிறது, முட்டி எங்கே இருக்கிறது என்ற நினைப்பும் இருக்கிறது. அது போதும் எனக்கு.

தஞ்சாவூர் பக்கம், முன்பு கபடி

ஐயா பரணில் போட்டது எனக்குத் தெய்வம். முன் ஜவ்வு கிழிந்து, திரும்பினாலே முட்டி நழுவும். கீல் வைத்த பிரேஸ் (முட்டியைத் தாங்குகிற அந்தக் கருவி) போட்ட பிறகுதான் வரப்பில் தைரியமாக நடந்தேன். ஆனால் அது இருக்கிற தைரியத்தில் மூன்றாம் மாதமே களத்தில் இறங்கி, உள்ளே இருந்த குஷன் ஜவ்வையும் கிழித்துக்கொண்டேன். அப்புறம் ஆபரேஷன்தான். வேறென்ன சொல்ல.

திருச்சி, பிசியோ

ஈரோட்டு அம்மாவின் விஷயத்தில் டாக்டர் சொன்னது சரி. மேலே மூன்று பேர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள், மூன்று பேருக்கும் 'முட்டி வலி'தான், ஆனால் மூன்றும் வேறு வேறு கோளாறு. கடையில் போய் முட்டி வலிக்கு என்று கேட்டால் கையில் கிடைப்பதைத்தான் தருவார்கள்.

அன்லோடர் என்பது தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, முட்டியில் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளும். வளைந்த மூங்கிலை நிமிர்த்த இரண்டு முனையையும் பிடித்து நடுவில் முட்டுக் கொடுப்போமே, அது மாதிரி. தேய்ந்த பக்கத்தின் மேல் விழுகிற சுமையில் கொஞ்சம் மறுபக்கம் போகும். அதனால் வாங்கும்போது வலது காலா இடது காலா, தேய்ந்தது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று இரண்டையும் சொல்லி வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால், ஏற்கெனவே தேய்ந்த பக்கத்தையே இன்னும் அழுத்தும். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு மாதம் போட்டுவிட்டு, "வலி கூடிருச்சு" என்று வந்தார். முட்டி எல்லாப் பக்கமும் தேய்ந்துவிட்டவர்களுக்கும், நீட்டவே முடியாமல் மடங்கியே நிற்கிற கால்களுக்கும் இது பெரிதாக உதவாது.

அளவுக்கு வருகிறேன். உடம்பைப் பார்த்து அளவு சொல்வதைப் போல அபத்தம் வேறில்லை. தையல்காரர் டேப் ஒன்று போதும். சாதாரண நீ கேப் என்றால் பெரும்பாலும் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்பார்கள். நீளமான பிரேஸ் என்றால் சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடையிலும், அதே அளவு கீழே கெண்டைக்காலிலும் சுற்றளவு கேட்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவெடுக்கும் இடம் மாறும், பெட்டியில் இருக்கும் படத்தைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் எல், இன்னொன்றின் எம் ஆக இருக்கும். வீக்கம் வருகிற கால் என்றால் சாயங்காலம் அளவெடுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே எடுங்கள்.

போட்ட பிறகு பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வலிக்கிறது என்பதற்காக இறுக்கக் கூடாது. முட்டிக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதற்குக் கீழே ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. பட்டை அங்கே அழுத்திக்கொண்டே இருந்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், முற்றினால் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடும். மரத்தால் உடனே கழற்றிவிடுங்கள். தூங்கும்போது டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம். அம்மாவுக்கு வந்த வீக்கம் கழற்றியதும் வடிந்ததா? வடியாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது பெல்ட்டின் குற்றம் என்று விட்டுவிடாதீர்கள், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. வலது முட்டி வலித்தால் கைத்தடி இடது கையில். நிறையப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

மதுரை, பார்த்துக்கொண்டிருந்தவர்

பெல்ட் போட்டுப் பழகினால் தசை சூம்பிவிடும் என்கிறார்களே? என் அத்தை அதனாலேயே போட மாட்டேன் என்று மூட்டு வலிக்கு என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரையை மாதம் 900 ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிடுகிறார்.

திருச்சி, பிசியோ

பெல்ட் போட்டு நடந்தால் தசை எங்கும் போகாது. போட்டாச்சு என்று உட்கார்ந்தே இருந்தால்தான் போகும். அத்தையிடம் மல்லாந்து படுத்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடையின் முன்பக்கம் கல் மாதிரி இறுகினால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

மாத்திரையைப் பற்றி நான் சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், முட்டித் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. நடையும் வலியும் ரொம்பப் பாதித்தவர்களுக்கு பிரேஸையும், கைத்தடியையும் அதே அழுத்தத்தோடு பரிந்துரைக்கிறது. உடல் பருமன் இருந்தால் எடையையும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது.

ஈரோடு, மகள் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. அந்த வீக்கம் கழற்றிய அன்று மாலையே வடிந்துவிட்டது சார்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் டேப் வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவை நிற்க வைத்து அளந்தேன். சில்லுக்கு நடுவில் வலது கால் இடது காலைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம், வீக்கம் எவ்வளவு என்று அப்போதுதான் புரிந்தது. தொடை அளவோ வலதில் குறைவு. வலிக்கிறதென்று இரண்டு வருடம் அந்தக் காலை ஊன்றாமலே ஒப்பேற்றியிருக்கிறார். அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு, கருவி விற்கிற கடைக்கே அம்மாவையும் அழைத்துப் போனேன். போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்க வைத்து, பட்டையைச் சரிசெய்து, பிறகுதான் காசு கொடுத்தேன். நாலாயிரத்துச் சொச்சம்.

வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு பஸ் ஸ்டாப் வரை போக நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார், இப்போது ஒரு இடம்தான், அதுவும் பூக்காரம்மாவிடம் பேசுவதற்காகவா என்று எனக்குச் சந்தேகம். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம், அப்புறம் வெளியே போகும்போது மட்டும். அடியில் மெல்லிய காட்டன் லெக்கிங்ஸ் போட்டு, அதன் மேல் பிரேஸ், அதற்கு மேல் உள்பாவாடை. மாட்ட ஏழெட்டு நிமிடம் ஆகிறது. கீழே உட்கார முடியாது என்பதால் பூஜைக்கு முன் கழற்றிவிடுகிறார். இப்போது பூஜையறையில் ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது, அதற்கே மூன்று நாள் சண்டை. துண்டு அழுத்துகிற பயிற்சியை சீரியல் விளம்பர இடைவேளையில் செய்கிறார்.

கைத்தடிதான் நடக்கவில்லை. "நான் என்ன கிழவியா?" என்று ஒரே பிடிவாதம். பத்து நாள் முன்பு பரணிலிருந்து அப்பாவின் பழைய குடையை இறக்கச் சொன்னார், வளைந்த மரக்கைப்பிடி வைத்த நீளக் குடை. நிற்க வைத்துப் பார்த்தேன், கைப்பிடி சரியாக மணிக்கட்டுக்கு வந்தது. நான் ஒன்றும் பேசாமல், கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் குப்பி ஒன்று வாங்கி அதன் முனையில் செருகி வைத்தேன். இப்போது தினமும் அதை ஊன்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார், இடது கையில். கேட்டால், "வெயிலுக்கு" என்கிறார். ஒரு நாள்கூட விரிக்கவில்லை.