மேற்கே போன குடும்பங்கள்: முன்னோரைத் தேடிய அனுபவங்கள்

வில்லமெட் மருமகள்:

என் கணவர் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, "நாங்கள் கூண்டு வண்டியில் ஓரிகன் வந்த குடும்பம்" என்பது. அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலம் அது. சரி, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால்தான் சண்டை. மாமனார் வர்ஜீனியா என்பார். அவருடைய அக்கா கென்டக்கி என்பார். சின்ன மாமனார் அயோவா என்று அடித்துச் சொல்வார். தேடிப் பார்த்ததில் மூன்று பேர் சொன்னதும் சரிதான்.

1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பம் இருக்கும் பக்கத்தை எடுத்தேன். பெயர், வயது, தொழில், கடைசியில் பிறந்த மாநிலம். தகப்பன் வர்ஜீனியா, தாய் கென்டக்கி. மூத்த பையன் 22 வயது, இந்தியானா. அடுத்த இரண்டு பெண்கள் மிசூரி. 9 வயதுப் பையன் அயோவா. 7 வயதுக் கடைக்குட்டி ஓரிகன். பிள்ளைகளை வரிசையாகப் படித்தாலே வழி தெரிந்துவிடுகிறது. வீட்டில் பெருமை பேசும் அந்தக் கூண்டு வண்டிப் பயணம் கடைசிக் கட்டம் மட்டும்தான். அதற்கு முன்பே அந்த மனிதர் சில வருடங்களுக்கு ஒரு முறை வீட்டைக் காலி செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

கடைசி இரண்டு பிள்ளைகளின் வயதை வைத்துப் பார்த்தால் பயணம் 1851-க்கும் 1853-க்கும் இடையில். 1852-ஆக இருக்கும் என்பது என் கணிப்பாக இருந்தது. மேற்கே போன வண்டிகளின் பாதையான ஓரிகன் தடத்தில் கூட்டம் அலைமோதிய வருடம் அது, வழியில் பிளாட் ஆற்றங்கரை முழுக்கக் காலராவும் இருந்தது. அதை உறுதி செய்தது நிலக் கோப்பு. ஓரிகனில் 1850-ல் ஒரு நிலக்கொடைச் சட்டம் வந்தது. அந்த வருடம் டிசம்பர் 1-க்குள் குடியேறிய தம்பதிக்கு 640 ஏக்கர், பிறகு வந்தவர்களுக்கு அதில் பாதி. அந்த நிலத்தில் சரிபாதி மனைவி பெயரில்! அதனால்தான் கல்யாணம் எங்கே, எப்போது நடந்தது என்று கோப்பில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். தேசிய ஆவணக்காப்பகத்தின் நுண்படச் சுருளில் அது கிடைத்தது: வந்து சேர்ந்தது 1852, கல்யாணம் இந்தியானாவில் ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி). அந்தக் கவுண்டிக்கு எழுதினால், பெண்ணுக்கு வயது குறைவு என்பதால் அவளுடைய அப்பா சம்மதம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டின் நகல் வந்தது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார் மனிதர்.

அந்த நிலம் யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். கலப்பூயா என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த வில்லமெட் பள்ளத்தாக்கு அது. அவர்களோடு ஒப்பந்தம் போட்டு முடிக்கும் முன்பே சட்டம் ஏக்கர் கணக்கில் பங்கு போட்டுவிட்டது. மிஞ்சியவர்களை 1856-ல் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மேற்கே போன வம்சத்தைத் தேடிய மற்றவர்களுக்கு எந்தக் காகிதம் கை கொடுத்தது? சொல்லுங்கள்.

புதுசாக வந்தவன்:

அக்கா, ஒரு சந்தேகம். கப்பலில் வந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் இருக்கிறதே, அதே மாதிரி ஓரிகன் தடத்தில் போனவர்களுக்குப் பட்டியல் கிடையாதா?

நூலகத்து ஆள்:

கிடையாது தம்பி. டிக்கெட் இல்லை, அதனால் பட்டியலும் இல்லை. விதிவிலக்கு மார்மன் என்ற மதப் பிரிவினர். எந்தக் குழுவில் யார் யார் போனார்கள் என்று அவர்களுடைய திருச்சபை தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு நாட்குறிப்பு, கடிதம், அப்புறம் பாறைதான். வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற கருங்கல் குன்றில் ஆயிரக்கணக்கான பெயர்கள். உளியால் வெட்டியவையும் உண்டு, வண்டிச் சக்கர அச்சுக்குப் போடும் மசகு மையால் எழுதியவையும் உண்டு. மையால் எழுதியதில் பெரும்பாலானவை மழையோடு போய்விட்டன.

நான் ஓஹாயோவில் ஒரு கவுண்டி நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் சனிக்கிழமைகளில் உதவிக்கு உட்காருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் முட்டி நிற்பது 1850-க்கு முன்னால். அந்த வருடக் கணக்கெடுப்பில்தான் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1880-ல் இருந்து பெற்றோர் பிறந்த இடமும் கிடைக்கும். 1890 ஏடுகளோ, வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் 1921-ல் பிடித்த தீயில் பெருமளவு சேதமாகி, மிஞ்சியதும் பிற்பாடு அழிக்கப்பட்டுக் கிட்டத்தட்ட முழுக்கப் போயின. அந்த 20 வருட ஓட்டைக்குள் விழுந்த குடும்பங்களைச் சொல்லி மாளாது.

ஓர் எச்சரிக்கையும். 1880-களில் வந்த தடித்தடிக் கவுண்டி வரலாற்றுப் புத்தகங்களில் உங்கள் ஆளின் வாழ்க்கைக் குறிப்பு இருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். முன்பணம் கட்டிப் புத்தகம் வாங்கியவர்களைப் பற்றித்தான் நாலு நல்ல வார்த்தை எழுதினார்கள். கடலைத் தாண்டி வந்தது எப்போதும் "மூன்று சகோதரர்கள்", பாட்டி எப்போதும் "செரோக்கி இளவரசி". செரோக்கி என்பது ஒரு பழங்குடி; அந்த மக்களிடம் இளவரசி என்று யாரும் இருந்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, இதை நம்ப வேண்டாம் என்றும் நான் சொல்வதுண்டு. சிலருக்குக் கோபம் வரும். இணையத்தில் ஒருவரின் குடும்ப மரத்தைப் பார்த்து இன்னொருவர் காப்பியடிக்கும் வம்சாவளிகள் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

இந்தியானா வாசி:

எங்களுக்கு அந்த 1850 சுவர் வரவே இல்லை. காரணம், என் மனைவியின் முன்னோர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். வட கரோலினாவின் கில்ஃபர்ட் கவுண்டியில் இருந்தவர்கள். சுற்றிலும் அடிமை முறை, அதோடு ஒத்துப்போகவும் முடியவில்லை, எதிர்த்து நிற்கவும் முடியவில்லை. 1800-களின் ஆரம்பத்தில் கூட்டம் கூட்டமாக ஓஹாயோவுக்கும் இந்தியானாவுக்கும் கிளம்பினார்கள். அடிமைகள் தப்பிச் செல்ல உதவியவர் என்று பெயர் பெற்ற லீவை காஃபினும் அந்த ஊர்க்காரர்தான், 1826-ல் இங்கே வந்தார்.

குவேக்கர் ஒருவர் ஊர் மாறினால் பழைய சபையில் இடமாற்றச் சான்று வாங்கிப் புதிய சபையில் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோர் பெயரும் அதில் இருக்கும். கடன் பாக்கி இல்லை என்றும் இருக்கும். கொடுத்த தேதி ஒரு சபையின் ஏட்டில், பெற்றுக்கொண்ட தேதி இன்னொரு சபையின் ஏட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இடையில் எத்தனை மாதம் சாலையில் கழித்தார்கள் என்பது வரை கணக்குப் போட்டுவிடலாம். ரிச்மண்டில் ஏர்ல்ஹம் கல்லூரிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், குவேக்கர் ஆவணங்களுக்கு அங்கே தனிச் சேகரிப்பே இருக்கிறது. சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதற்காக எங்கள் கொள்ளுப்பாட்டி ஒருத்தியை விலக்கி வைத்ததையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு அவளைத்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒமாஹாக்காரன்:

நான் தேடியது என் வம்சத்தை அல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவருடையதை. அவருக்குக் கண் மங்கிவிட்டது, கணினி பழக்கமும் இல்லை. தாத்தாவின் அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து நெப்ராஸ்காவில் குடியானவர் என்பது மட்டும் தெரியும்.

1862 குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் எடுத்தவர் அவர். கட்டணம் மொத்தமே 18 டாலர், ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது காட்ட வேண்டும். பட்டாவை மத்திய அரசின் நில அலுவலக இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பலர் அதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டாவில் ஒன்றும் இல்லை. சரக்கெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் கோப்பில். நெப்ராஸ்கா கோப்புகளை எண்மயமாக்கிவிட்டார்கள், மற்ற மாநிலங்களுக்குப் பெரும்பாலும் வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். பெரியவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன்: புல்மண் கட்டி வீடு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், கிணறு, உழுத நிலம் 40 ஏக்கர், நட்ட மரங்கள். வெளிநாட்டுக்காரர் என்பதால் குடியுரிமைக் காகிதத்தின் நகலும் உள்ளே இருந்தது. "ஜன்னல் இரண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேட்டு வளர்ந்த கதையில் அந்த வீட்டுக்கு ஜன்னலே இல்லையாம்.

ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு சாட்சிகள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். இங்கே யாரும் தனியாக வரவில்லை. நம்மூரில் ஒருவர் சூரத்தில் கடை போட்டால் பின்னாலேயே மச்சானும் சித்தப்பா மகனும் கிளம்புவது மாதிரிதான். சாட்சி சொன்னவர் சம்பந்தி வீட்டுக்காரராக இருப்பார், இல்லையென்றால் பழைய ஊரில் அடுத்த வீடு. உங்கள் ஆளின் கோப்பில் பிறந்த கிராமம் இல்லாவிட்டால் சாட்சியின் கோப்பில் தேடுங்கள். பெரியவர் விஷயத்தில் கிராமத்தின் பெயர் அப்படித்தான் கிடைத்தது.

தடத்தின் கல்லறைகள் பற்றியும் ஒரு வார்த்தை. வழியில் இறந்தவர்களை வண்டித் தடத்திலேயே புதைத்து, விலங்குகள் தோண்டாமல் இருக்க மேலே வண்டியை ஓட்டிப் போய்விடுவார்கள். அதனால் பெரும்பாலானவை கண்டுபிடிக்க முடியாதவை. இங்கே நெப்ராஸ்காவில் ஸ்காட்ஸ்பிளஃப் பக்கம் போனால் ரெபேக்கா விண்டர்ஸ் கல்லறையைப் பாருங்கள். 1852 ஆகஸ்டில் காலராவில் இறந்தவர், மார்மன் குழுவோடு போனவர். கூட வந்தவர்கள் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வளைத்து, பெயரையும் வயது 50 என்பதையும் வெட்டி நட்டுவிட்டுப் போனார்கள். கல்லோ மரமோ நின்றிருக்காது, இரும்பு நின்றது. ரயில் பாதையை ஒட்டி இருந்ததால், பார்க்க வருகிறவர்களுக்கு ஆபத்து என்று 1995-ல் சற்றுத் தள்ளி மாற்றினார்கள். பட்டை இப்போதும் இருக்கிறது.

கேன்சஸ் மாப்பிள்ளை:

எல்லாம் படித்தேன். என் மனைவி பக்கம் இதில் பாதி பொருந்தாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவர்கள் கறுப்பினத்தவர்கள். கென்டக்கியிலிருந்து கேன்சஸில் நிக்கோடிமஸ் என்ற ஊருக்கு வந்தவர்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் 1877-ல் உருவாக்கிய ஊர். விளம்பரத் தாளில் சொன்னது ஒன்று, வந்து பார்த்தது இன்னொன்று. 1878-ல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பிற்பாடு சொன்னது பதிவாகியிருக்கிறது: ஊர் எங்கே என்று தேடினால், கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினாராம். மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்திருக்கிறார்கள். பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன் என்கிறார். முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் இறைச்சி கொடுத்துத்தான் பலர் பிழைத்தார்கள். 1888-ல் ரயில் பாதை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. அதன்பின் ஊர் தேய்ந்தது. இன்றைக்கும் ஜூலைக் கடைசியில் வம்சத்தினர் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கூடுகிறார்கள்.

வெள்ளைக் குடும்பங்களுக்கு 1850 என்றால் இவர்களுக்கு 1870. அந்த வருடம்தான் பெயர் வருகிறது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானன் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவே. "35, ஆண், கறுப்பு." இவர்தான் அவர் என்று எப்படிச் சொல்வது? 1870-ல் இருக்கும் குடும்பப் பெயரும் எஜமானனுடைய பெயராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு வழி காட்டியது ராணுவ ஓய்வூதியக் கோப்பு. கென்டக்கியில் அடிமைத்தனம் 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13-வது திருத்தம் வரும் வரை சட்டப்படி இருந்தது. அதற்கு முன்பே, உள்நாட்டுப் போரின்போது, கேம்ப் நெல்சன் என்ற ராணுவ முகாமுக்குப் போய் வட மாநிலங்களின் படையில் சேர்ந்து விடுதலை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். மனைவியின் மூதாதை ஒருவர் அப்படிச் சேர்ந்தவர். அவர் இறந்தபின் விதவை ஓய்வூதியம் கேட்டார். அடிமைகளின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் பதிவே கிடையாது. அப்புறம் எப்படி நிரூபிப்பது? பழைய பண்ணையில் கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் இன்னாருக்குச் சொந்தமாக இருந்தோம், இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்ணால் பார்த்தோம், முதல் குழந்தை சோள அறுவடைச் சமயத்தில் பிறந்தது. ஓர் அரசாங்க எழுத்தர் சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்விகள்தான் இன்றைக்கு எங்களிடம் இருக்கும் முழுக் குடும்ப வரலாறும்.

எஜமானன் பெயர் கிடைத்ததும் கவுண்டி கோர்ட்டில் அவருடைய சொத்துப் பட்டியலை எடுத்தோம். மாடு, கலப்பை, கடிகாரம், நடுவில் எங்கள் ஆளின் பெயர், எதிரே விலை. அந்த வரியைப் பார்த்த பிறகு என் மனைவி வெளியே போய்விட்டாள். மீதிப் பக்கங்களை நான்தான் படம் எடுத்தேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: விடுதலை பெற்றோருக்கான சேமிப்பு வங்கி 1874-ல் மூழ்கியது, போட்டவர்களில் பலருக்குப் பணம் போனதுதான் மிச்சம். ஆனால் கணக்குத் தொடங்கும்போது அப்பா, அம்மா, அண்ணன் தம்பி பெயரெல்லாம் கேட்டு எழுதிய ஏடுகள் தப்பிவிட்டன. லெக்சிங்டனிலும் லூயிவில்லிலும் கிளைகள் இருந்தன. முதலில் அதைப் பாருங்கள்.

நூலகத்து ஆள்:

மாப்பிள்ளை, கென்டக்கியில் இன்னொன்றும் உண்டு. அடிமையாக இருந்தபோது செய்துகொண்ட கல்யாணங்களைக் கவுண்டி எழுத்தரிடம் சொல்லிப் பதிந்துகொள்ள 1866-ல் சட்டம் வந்தது. எத்தனை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதியிருக்கும். எல்லாக் கவுண்டியிலும் ஏடு மிஞ்சவில்லை. கேட்டுப் பாருங்கள், காசா பணமா.

வில்லமெட் மருமகள்:

ஒமாஹாக்காரர் சாட்சிகளைச் சொன்னதும் எங்கள் நிலக் கோப்பை மறுபடி எடுத்தேன். சட்டப்படி "சம்பந்தமில்லாத" இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவருடைய குடும்பப் பெயரை அந்த இந்தியானா சம்மதச் சீட்டில் பார்த்திருக்கிறேன், பெருக்கல் குறிக்குப் பக்கத்தில். 1850 அயோவா கணக்கெடுப்பில் தேடினால் எங்கள் ஆட்களுக்கு அடுத்த வீடு, பிறந்தது கென்டக்கி. சம்பந்தமில்லாதவராம், மனைவியின் அண்ணன்! அவருடைய நிலக் கோப்புக்கும் எழுதிப் போட்டாயிற்று. மாப்பிள்ளை, ஜூலையில் நிக்கோடிமஸ் போனால் படம் போடுங்கள்.

கேன்சஸ் மாப்பிள்ளை:

கட்டாயம். இந்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவருக்கு ஊரில் இருக்கும் கல்லறைகள் எல்லாமே யார் யாருடையது என்று தெரியும், ஒரு காகிதத்திலும் எழுதியதில்லை. நான் ஒலிப்பதிவுக் கருவி வாங்கிவிட்டேன்.