பழைய மை புக் லைவ் பெட்டியில் வேறு ஓ.எஸ். போடலாமா?

வாசிகசாலை_இணுவில்:
வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒற்றை டிஸ்க் மை புக் லைவ் (வெஸ்டர்ன் டிஜிட்டலின் நெற்வேர்க் சேமிப்புப் பெட்டி) ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த ஊரவர் ஒருவர் தந்தது. தேர்த் திருவிழாப் படங்கள், பழைய ஆட்கள் கதைத்த ஒலிப்பதிவுகள், ஸ்கேன் செய்த அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகங்கள்) எல்லாம் அதற்குள்தான். 2015க்குப் பிறகு இதற்கு அப்டேட் வரவில்லை என்பதால் டெபியன் லினக்ஸ் போடலாம் என்று டிஸ்கைக் கழற்றினோம். விண்டோஸ் ‘ஃபோர்மற் செய்யவா’ என்கிறது. உபுண்டுவில் ‘பேட் பிளாக் சைஸ் 65536’ என்று வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

நெற்_பித்தன்:
பெட்டியை விட்டுவிட்டு ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்பியூட்டர் ஒன்று வாங்குங்கள். நேரம் மிச்சம்.

கொக்குவில்_அண்ணை:
தம்பி, ஃபோர்மற் மட்டும் குடுத்திடாதேங்கோ! டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியின் பவர்பிசி சிப்புக்காகக் கம்பனி 64 கே.பி. (65536 பைட்) பிளாக்கில், அதாவது தரவை அந்த அளவுத் துண்டுகளாக வைத்து, எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தை அமைத்திருக்கிறது. எங்கள் கம்பியூட்டர்களின் பேஜ் சைஸ் (மெமரியைப் பிரிக்கும் துண்டு) 4 கே.பி.; அதைவிடப் பெரிய பிளாக்கைப் பழைய லினக்ஸ் கேர்னல்கள் மவுண்ட் செய்யாது, அதாவது திறந்து காட்டாது. இது தெரியாமல் நல்ல டிஸ்கை அழித்தவர்கள் நிறையப் பேர்.

உபுண்டுவில் ‘ஃபியூஸ்எக்ஸ்ட்2’ என்ற மென்பொருளை நிறுவி, நான்காவது பார்ட்டிஷனை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். அது மெதுவானது, இரவில் ஓடவிடுங்கள். சரிவராவிட்டால் ‘டீபக்எஃப்எஸ்’ என்ற கருவி இருக்கிறது, அதன் ‘ஆர்டம்ப்’ கட்டளை முழு ஃபோல்டரையும் வெளியே எடுத்துத் தரும். பிரதி எடுத்தபின் நாலைந்து ஒலிப்பதிவுகளைக் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். அந்தக் குரல்களில் எத்தனை பேர் இப்போது இல்லையோ, திரும்பப் பதிய முடியாது.

டெபியன் வேண்டாம். 2017இல் வந்த டெபியன் 9இலேயே பவர்பிசியை நீக்கிவிட்டார்கள். ரவுட்டர் போன்ற சின்னப் பெட்டிகளுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி இந்தப் பெட்டியை ஆதரிக்கிறது. பழைய டிஸ்கில் கை வைக்காமல் வேறொரு சாட்டா டிஸ்கை எடுங்கள். மை புக் லைவுக்கான அதன் ஃபாக்டரி இமேஜை (நிறுவும் ஃபைல்) ‘டிடி’ என்ற லினக்ஸ் கட்டளையால் அதில் எழுதி, பெட்டிக்குள் போட்டால் அதிலிருந்தே பூட் ஆகும். மீதி இடத்தில் 4 கே.பி. பிளாக்கோடு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்குங்கள். நாளைக்குப் பெட்டி செத்தாலும் எந்த லினக்ஸ் கம்பியூட்டரிலும் வாசிக்கலாம்.

ராம் 256 எம்.பி.தான். சம்பா (ஃபைல்களை நெற்வேர்க்கில் பகிரும் மென்பொருள்) ஓடும், அதற்குமேல் பாரம் ஏற்றாதீர்கள்.

வாசிகசாலை_இணுவில்:
அண்ணை, ஃபியூஸ்எக்ஸ்ட்2இல் எல்லா ஃபோல்டரும் தெரிகிறது! பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்க நன்றி. வெளிநாட்டில் இருப்பவர்களும் படங்களைப் பார்க்கக் கேட்கிறார்கள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடட்டா?

கொக்குவில்_அண்ணை:
திறக்கவே வேண்டாம். 2021 ஜூனில் இணையத்தில் திறந்து கிடந்த இதே மாதிரிப் பெட்டிகளை யாரோ தூரத்திலிருந்து ஃபாக்டரி ரீசெட் செய்து, உலகம் முழுக்க ஆட்களின் தரவுகள் அழிந்தன. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டால் அந்த ஓட்டை போகும், ஆனாலும் சம்பாவை வெளியே காட்டுவது புத்தியில்லை. அவர்களுக்குப் பார்க்கக் கொடுப்பதைத் தனியாக ஒரு கிளவுட் ஃபோல்டரில் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், பெட்டியில் ஃபேன் இல்லை. எங்கள் சித்திரை வெயிலுக்குப் பூட்டிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். கரண்ட் போய் வருகிற இடமென்றால் சின்ன யூ.பி.எஸ். ஒன்றும் வேண்டும்.