முன் பிறேக் பிடிக்கவில்லை: மலைச் சைக்கிளுக்குக் குறைந்த செலவில் எதை மாற்றலாம்?

நாவற்குடா இளையவன் (திங்கள், இரவு 9.40)

வணக்கம். என்னுடைய மலைச் சைக்கிளின் பிறேக் சரியாகப் பிடிப்பதில்லை. முன் பிறேக் மிகவும் மோசம். வருகிற சனிக்கிழமை நண்பர்களோடு செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போய், ஒரு நாள் தங்கி, அதே ஏ5 வீதியால் இறங்கி வர இருக்கிறோம். லுணுகலைப் பக்கத்து இறக்கத்தை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. கையில் 20,000 ரூபாய் உண்டு. ஹைட்ரோலிக் (எண்ணெய்ப் பிறேக்) பூட்டலாமா, எந்தக் கம்பனியுடையது நல்லது என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

பழைய றாலி (9.58)

தம்பி, பிறேக் பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் இங்கே இருப்பவர்கள் குறி பார்த்தா சொல்வது? உமது வண்டியில் இருப்பது றிம்மைப் பிடிக்கும் வி-பிறேக்கா, சில்லின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க்கா? டிஸ்க் என்றால் கேபிளால் இழுப்பதா, எண்ணெயால் தள்ளுவதா? லீவர் கைபிடி வரை வந்து தொடுகிறதா, அல்லது இறுக்கமாக நின்றும் வண்டி நிற்கவில்லையா? இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். சாமான் வாங்க ஆசைப்படுவதற்கு முன்னர் கையில் இருக்கும் வண்டியைப் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அக்கரைப்பற்றுக் கரையோரம் (10.15)

கடற்கரை ஊர்களில் பாதிக் குறை கேபிளில்தான் இருக்கும் என்பது என்னுடைய அனுபவம். சென்ற மாரி முடிந்ததும் எனது வண்டியின் முன் கேபிளை உருவிப் பார்த்தேன். வெளியே தெரிந்த பகுதி புதிதுபோல் மினுங்கியது. ஆனால் அவுட்டருக்குள் (வெளி உறைக்குள்) இருந்த பகுதியில் இரண்டு அங்குல நீளத்துக்குச் செந்நிறத் துரு ஏறியிருந்தது, தடவியபோது அறுந்த இழையொன்று விரலில் தைத்தது. உள் கேபிளையும் அவுட்டரையும் சேர்த்துப் புதிதாகப் போட்டதும் லீவரின் இறுக்கம் போய்விட்டது. மணலும் உப்புக் காற்றும் உள்ள இடத்தில் ஓடுகிறவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன்னர் இந்தச் சிறிய செலவைச் செய்து பார்ப்பது நல்லது.

நாவற்குடா இளையவன் (செவ்வாய், காலை 6.20)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டிஸ்க்தான், கேபிளால் இழுப்பது. தட்டு 160 மில்லிமீற்றர். பிறேக் லீவரும் கியர் மாற்றியும் ஒன்றாகச் சேர்ந்து வந்தவை. ஷிமானோ ஈஎஃப் 500 என்று எழுதியிருக்கிறது. லீவர் கைபிடியைத் தொடும் அளவுக்கு வருகிறது. போன கிழமை கடையில் கேபிளை இறுக்கித் தந்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது.

கல்லடி ஓட்டுநர் (7.05)

எண்ணெய்ப் பிறேக்கின் சுகத்தை ஒரு முறை கண்டவர்கள் கேபிளுக்குத் திரும்ப மாட்டார்கள். மலிவானவற்றில் ஷிமானோ எம்டி 200ஐ நான் தயக்கமின்றிச் சொல்வேன். பாட் (தட்டை நெருக்கும் பிறேக் கட்டை) தேயத் தேயத் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும், ஒரு விரலால் பிடித்தாலும் போதும். ஆனால் தம்பியின் வண்டியில் லீவரும் கியர் மாற்றியும் ஒரே உடல் என்பதால், எம்டி 200 லீவரைப் பூட்டும்போது கியர் மாற்றியையும் தனியாக வாங்க வேண்டிவரும். இரண்டு சில்லுக்கும் செய்வதற்கு 20,000 போதாது. ஆகையால் முன்னுக்கு மட்டும் இப்போது மாற்றி, பின்னுக்குக் கேபிளையே வைத்திருப்பதுதான் என் ஆலோசனை.

இன்னொன்று: ஷிமானோ, டெக்ட்ரோ கம்பனிகளின் எண்ணெய்ப் பிறேக்குகளுக்கு மினரல் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள் கராஜில் கிடைக்கும் டொட் 4 பிறேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் வீங்கிக் கெட்டு, முழுத் தொகுதியையும் எறிய வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நேர்ந்திருக்கிறது.

பழைய றாலி (7.31)

முன் பிறேக்கை மட்டும் வலுப்படுத்தி ஒரு பிள்ளையை மலையிலிருந்து இறங்கச் சொல்வது பொறுப்பான பேச்சு அல்ல. வேகமாக இறங்கும்போது முன் சில்லு இறுகினால் வண்டி நிற்கும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார், தலைகீழாகத்தான் விழுவார். பின் பிறேக்கைப் பிடித்து நிறுத்தத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நாங்களும் அப்படித்தான் இன்றுவரை ஓடுகிறோம். காசைப் பின் சில்லுக்குச் செலவழியும், தம்பி.

உகந்தைப் பயணி (8.12)

றாலி அண்ணன், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு விடயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. இது உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லாமல் விடவும் முடியவில்லை. வண்டியின் வேகம் குறையும்போது ஓட்டுகிறவரின் பாரம் முன் சில்லின் மேல் சாய்கிறது, பின் சில்லு இலேசாகிறது. இலேசான சில்லை இறுக்கினால் அது வழுக்கி இழுபடுமே தவிர, வண்டியை நிறுத்தாது. காய்ந்த தார் வீதியில் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிறேக்கினுடையது. ஆகவே காசு ஒரு பக்கத்துக்குத்தான் காணும் என்றால், அது முன் பக்கம்தான். உடலைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை ஊன்றி, லீவரைப் படிப்படியாக அழுத்தினால் யாரும் குப்புற விழ மாட்டார்கள். பயத்தில் திடீரென்று முழுவதையும் அழுத்துவதால்தான் விழுகிறார்கள்.

இளையவன் தம்பிக்கு: இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், நீங்கள் எதையும் புதிதாகப் பூட்ட வேண்டியிராது என்றே நினைக்கிறேன். கேபிள் டிஸ்க் பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கத்துப் பாட் மட்டுமே அசைந்து வந்து, தட்டைச் சற்று வளைத்து, அசையாமல் நிற்கும் உட்பக்கத்துப் பாட்டோடு நெருக்குகிறது. பாட் தேய்ந்தால் உட்பக்கத்துப் பாட்டை அலன் சாவியால் தட்டின் பக்கமாகத் திருகி நெருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கடையில் கேபிளை மட்டும் இறுக்கினால், பாட்களை நெருக்கும் கலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் இழுபட்ட நிலையில் நின்றுவிடும். மீதித் தூரம் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். நீங்கள் சொன்ன இரண்டு நாள் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

சில்லைக் கழற்றிப் பாட்களை வெளியே எடுங்கள். உலோகத் தகட்டின் மேல் இருக்கும் பொருள் அரை மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். முகம் மங்கலாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் எண்ணெய் பட்டிருக்கலாம். எண்ணெய் ஊறிய பாட்டை அரத்தாளால் தேய்த்துப் பலன் கிடைப்பது அரிது, புதிது போடுவதே நல்லது. தட்டை ஐசோபுரோபைல் மதுசாரத்தால் சுத்தமான துணியில் துடையுங்கள், பிறகு விரல் வைக்க வேண்டாம். தட்டில் ரெசின் பாட் மட்டும் என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் உலோகப் பாட் தட்டை விரைவில் தின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பின்னும் வலு போதாவிட்டால், முன்னுக்கு 180 தட்டும் அதற்கான அடப்டரும் போடலாம். விட்டம் எட்டில் ஒரு பங்கு கூடுவதால் அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் வலுவும் அந்த அளவு கூடும். போர்க் (முன் சில்லைத் தாங்கும் கவை) 180ஐத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு பாட்டும் அசையும் டிஆர்பி ஸ்பைக் கலிப்பரும் உங்கள் லீவருக்குப் பொருந்தும், கியர் மாற்றியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும் சாமான் சனிக்கிழமைக்குள் வந்து சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பழைய றாலி (9.02)

குடும்பிமலைப் பக்கத்துக் கிறவல் பாதையில் முன் பிறேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், தங்கச்சி. தார் வீதியின் கணக்கு அங்கே செல்லாது.

உகந்தைப் பயணி (9.20)

கிறவலில் வளையும்போது முன் பிறேக் ஆபத்து என்பது உண்மைதான், அதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். தம்பி கேட்டது ஏ5 வீதி இறக்கத்தைப் பற்றி. அங்கே பின் பிறேக்கை மட்டும் நம்பி விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால், பாட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

அக்கரைப்பற்றுக் கரையோரம் (9.44)

இரண்டு பேரும் எந்தக் கை முன் பிறேக் என்பதைச் சொல்லவில்லையே. எங்கள் பழைய வண்டிகளில் வலக்கை முன்னுக்கு. பெட்டியில் வரும் சில வண்டிகளில் இடக்கை முன்னுக்கு. தெரியாமல் அழுத்தினால்தான் விபத்து. தம்பி இறங்கும் முன்னர் இதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கல்லடி ஓட்டுநர் (9.51)

கரையோரம் நானா சொன்னது மிகச் சரி. நான் இரவல் வண்டியொன்றில் கல்லடிப் பாலத்துக்கு அருகே இதனாலேயே சறுக்கி விழுந்திருக்கிறேன். தம்பி, பாட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

பழைய றாலி (புதன், மாலை 5.30)

கேள்வி கேட்டவரைக் காணவில்லை. பாட்டின் நிலையைச் சொன்னால் மேலே பேசலாம்.

நாவற்குடா இளையவன் (வியாழன், இரவு 10.10)

எல்லோருக்கும் நன்றி. உகந்தை அக்கா சொன்னபடியே இருந்தது. உட்பக்கத்துப் பாட் ஒருமுறைகூடத் திருகப்படவில்லை. பாட்களும் பளபளத்தன. செயினுக்கு ஸ்பிறே அடிக்கும்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன் சில்லின் பக்கமும் அடித்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. முன்னுக்குப் புதிய ரெசின் பாட்டும், நானா சொன்ன கேபிளும் அவுட்டரும் போட்டேன். 20,000இல் பெரும் பகுதி மிஞ்சிவிட்டது. லீவர் இப்போது பாதியில் நிற்கிறது. வலக்கைதான் முன்னுக்கு. சனிக்கிழமை விடிய எழும்ப வேண்டும், போய் வந்து எழுதுகிறேன்.

உகந்தைப் பயணி (10.16)

மிகவும் சந்தோஷம், தம்பி. புதிய பாட்டைப் பழக்கினீர்களா? மட்டமான வீதியில் மணிக்கு 20, 25 கிலோமீற்றர் வேகம் எடுத்து, சில்லை இறுக விடாமல் நடக்கும் வேகம் வரை குறைத்து, இருபது தடவை அப்படிச் செய்தால்தான் அது தட்டோடு முழுதாகப் படியும். செய்யாவிட்டால் நாளைக்கே ஊர் வீதியில் செய்துவிடுங்கள், இறக்கத்துக்கு விட்டுவைக்க வேண்டாம்.

உகந்தைப் பயணி (வெள்ளி, மாலை 6.05)

தம்பி, செய்தீர்களா?