உதவி: பையனுக்குத் தும்மல் நிற்கவில்லை, எந்த ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்?

பொங்கோல் மீனா | வெள்ளிக்கிழமை, இரவு 11.48
அவசரம். மகனுக்கு அலர்ஜி. ஏர் பியூரிஃபையர் வாங்க வேண்டும். பட்ஜெட் 400 சிங்கப்பூர் வெள்ளி. நாளை இரவோடு ஆஃபர் முடிகிறது. எல்லாப் பெட்டியிலும் ஹெப்பா என்று போட்டிருக்கிறான், தலை சுற்றுகிறது. எது நல்லது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். நன்றி.

தெம்பனிஸ் குமரன் | இரவு 12.05
எந்த அறைக்கு, அறை எவ்வளவு பெரிது, பையனுக்கு என்ன வயது, தும்மலா இருமலா தோல் அரிப்பா? ஒன்றும் சொல்லாமல் எது நல்லது என்று கேட்டால் நான் எதைச் சொல்வது அக்கா?

உட்லண்ட்ஸ் ரவி | இரவு 12.20
நாங்கள் 2019 காட்டுத்தீப் புகைமூட்டத்தில் வாங்கினோம், இன்றும் ஓடுகிறது. என் அனுபவம் ஒன்றே ஒன்றுதான்: தேவைக்கு மேல் பெரியதாக வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். சின்னதை வாங்கி முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டாம் நாளே சத்தம் தாங்காமல் அணைத்துவிடுவீர்கள். ஜப்பான் போகிற நண்பர் யாராவது இருந்தால் அங்கே மலிவாகக் கிடைக்கும்.

தெம்பனிஸ் குமரன் | இரவு 12.26
ரவி அண்ணே, ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் பியூரிஃபையர் புகைமூட்டமே தயாரிக்கும். தயவுசெய்து அந்த யோசனை வேண்டாம்.

காற்றாடி | இரவு 12.41
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. சரி, கடைசித் தடவையாகச் சொல்கிறேன்.

பெட்டியில் இத்தனை சதுர மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஒரு கணக்குப் போடும். பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர்., அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்ற எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரை 2.6 மீட்டர் உயரம். 3-க்கு 4 அறை என்றால் 31 கன மீட்டர். அலர்ஜிக்கு மணிக்கு ஐந்து முறையாவது காற்று முழுதும் வடிகட்டப்பட வேண்டும். 31-ஐ 5-ஆல் பெருக்குங்கள், 155. வாய்ப்பாடு தெரியாதவர்கள் கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாம். ரவி சொன்னபடி மெதுவாக ஓட்ட வேண்டுமென்றால் 250-க்கு மேல் எடுங்கள்.

ஹெப்பா என்பது நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போல' என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எச்13 என்ற ஹெப்பா தரம் என்றால், பிடிக்க ஆகக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். ஓசோன் வெளியிடுவது எதுவும் வேண்டாம், அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். கரி வடிகட்டி வாசனைக்குத்தான், தும்மலுக்கு இல்லை.

செங்காங் ஜெயா | காலை 7.10
எல்லாம் சரி, ஏர்கானை யாரும் கேட்கவில்லையே? எங்கள் வீட்டில் மூன்று வருடம் தும்மினோம். கடைசியில் ஏர்கான்காரர் வந்து உள்ளே இருக்கும் உருளையைக் கழற்றிக் காட்டினார். கறுப்புக் களிம்பு, கருவாட்டு வாசனை. கெமிக்கல் வாஷ் பண்ணிய மறுநாள் தும்மல் நின்றது. 400 வெள்ளியை மிச்சம் பண்ணுங்கள் மீனா.

தேக்கா தாத்தா | காலை 8.32
மெஷின் எல்லாம் எதற்கம்மா. நொச்சி இலை கிடைத்தால் ஆவி பிடிக்கச் சொல். கற்பூரவல்லி தொட்டியிலேயே வளரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி போடு. எங்கள் அம்மா ஆறு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார்.

தெம்பனிஸ் குமரன் | காலை 8.50
ஐயா, மூக்கடைத்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகையா? என் மெஷினில் பி.எம். 2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) எண் 9 காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஓர் ஊதுபத்தி ஏற்றினோம், பத்து நிமிடத்தில் 140. அதே துகளுக்குப் பயந்துதான் புகைமூட்டத்தில் முகக்கவசம் போட்டோம்.

தேக்கா தாத்தா | காலை 9.15
2013 ஜூனில் பி.எஸ்.ஐ. என்ற காற்று மாசுக் குறியீடு 401 போன அன்றும் நான் இங்கேதான் இருந்தேன் தம்பி. காட்டை எரித்த புகையும் சாமிக்குப் போடும் புகையும் ஒன்றா?

காற்றாடி | காலை 9.22
நுரையீரலுக்கு ஒன்றுதான். அதற்குப் பக்தி தெரியாது.

உட்லண்ட்ஸ் ரவி | காலை 9.40
அப்படிப் பார்த்தால் சீனர்களின் ஏழாம் மாதத்தில் எங்கள் புளோக்கின் கீழே முன்னோருக்குக் காகிதம் எரிக்கும்போது என்ன செய்வது? ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் கொஞ்சம் பொறுத்துப் போவதுதான் இந்த ஊர்.

செங்காங் ஜெயா | காலை 9.58
பொறுத்துப் போவது பற்றி இல்லை ரவி, ஏழு வயதோ எட்டு வயதோ, பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். (வயது இன்னும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.)

தேக்கா தாத்தா | காலை 10.03
நான் வாயை மூடிக்கொள்கிறேன். கேட்டதால் சொன்னேன்.

தெம்பனிஸ் குமரன் | காலை 10.11
கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, பையனைக் கீழே விளையாட அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் சொல்ல வந்தேன்.

பொங்கோல் மீனா | பிற்பகல் 1.30
மன்னிக்கவும், காலையில் டியூஷன் ஓட்டம். பையனுக்கு 7 வயது. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. காலையில் எழுந்ததும்தான் மோசம், வரிசையாகப் பத்துப் பதினைந்து போடுவான். பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுகிறதாம், டீச்சர் சொன்னார். அவன் அறை சின்னது, பாம் ஷெல்ட்டரை (வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் பதுங்கறை) ஒட்டியது. ஏர்கான் இரவில் மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் உண்டு ஜெயா. பூனை, நாய் இல்லை. சாம்பிராணி மாமியார் வெள்ளிக்கிழமை மட்டும் போடுவார். எந்த மாடல் என்று யாரும் சொல்லவே இல்லையே?

அங்மோகியோ சுமதி | பிற்பகல் 2.05
மீனா, மாடல் இருக்கட்டும். எழுந்ததும் மோசம், வெளியே போனால் சரி என்றால் எனக்குப் படுக்கையின் மேல்தான் சந்தேகம். மெத்தைக்கு எத்தனை வயது? தலையணை எதில் செய்தது?

பொங்கோல் மீனா | பிற்பகல் 2.20
மெத்தை வீடு வாங்கியபோது வாங்கியது, 9 வருடம். தலையணை மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சு. அதைக் கட்டிக்கொண்டால்தான் தூங்குவான். உறையை வாரம் ஒருமுறை துவைக்கிறேன்.

அங்மோகியோ சுமதி | பிற்பகல் 3.02
இருபது வருடம் தாதியாக இருந்ததில் இந்தத் தலையணையை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் நான் இல்லை, ஆனால் இதைக் கேளுங்கள்.

இங்கே மூக்கு அலர்ஜிக்கு முதல் சந்தேகம் டஸ்ட் மைட் எனும் தூசுப்பூச்சிதான். கால் மில்லிமீட்டர்கூடச் சரியாகத் தேறாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வாடிவிடும், ஆனால் நம் ஊரில் சராசரியே 80-ஐ ஒட்டி நிற்கிறது. மெத்தை, தலையணை, பொம்மை எல்லாம் அதற்கு ஐந்து நட்சத்திர ஹோட்டல்.

தும்ம வைப்பது பூச்சியைவிட அதன் எச்சம். அந்தத் துகள் கனமானது. பிள்ளை புரண்டு படுத்தால் எழும்பும், அரைமணிக்குள் இறங்கிவிடும். மெஷின் மூலையில் நின்றுகொண்டு காற்றில் இருப்பதைத்தான் இழுக்க முடியும், மெத்தைக்குள் இருப்பதை இழுக்காது. பையன் முகமோ தலையணையில் புதைந்திருக்கிறது. மெஷின் வாங்கினால் கெடுதல் இல்லை, புகைமூட்ட நாளில் நன்றாகவே உதவும். ஆனால் முதல் 100 வெள்ளி அதற்குப் போகக் கூடாது.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து முழுதாக மூடும் தூசுப்பூச்சி உறை வாங்குங்கள். விரிப்பு, உறை எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். இங்கே பலரும் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கிறோம், அதில் பூச்சி குளித்துவிட்டு வரும். துணிப் பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு துவையுங்கள். துவைக்கவில்லை என்றால் செத்த பூச்சியும் எச்சமும் அதிலேயே இருக்கும். பாம் ஷெல்ட்டர் கதவைத் திறந்து பூசணம் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், ஊகத்திலேயே ஓட வேண்டாம். பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில் காட்டி, தேவைப்பட்டால் தோல் குத்துப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா தாத்தா | பிற்பகல் 3.30
பேசக் கூடாது என்றிருந்தேன். இலவம்பஞ்சில் நாங்கள் எல்லோரும் படுத்து வளர்ந்தோம். யாரும் தும்மவில்லை.

அங்மோகியோ சுமதி | பிற்பகல் 3.41
ஐயா, ஊரில் அந்தத் தலையணையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அப்பத்தா சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பாயை விரித்து எல்லாத் தலையணையையும் காயப்போட்டு, குச்சியால் நாலு சாத்து சாத்துவார். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை உலர்த்தி, புது உறையில் அடைப்பார். இங்கே பதினோராம் மாடியில் மூங்கில் கழியில் தலையணையைக் காயப்போட முடியுமா? ஏர்கான் அறையிலேயே கிடக்கிறது, பிள்ளையின் வேர்வையும் எச்சிலும் ஏறிக்கொண்டே போகிறது. பஞ்சின் மேல் பழி இல்லை.

தேக்கா தாத்தா | பிற்பகல் 3.55
அது வாஸ்தவம். எங்கள் வீட்டிலும் அடிப்பார்கள்.

காற்றாடி | மாலை 4.10
மூலத்தைக் கவனியுங்கள் என்பதைத்தான் நானும் சொன்னேன்.

தெம்பனிஸ் குமரன் | மாலை 4.12
எங்கே சொன்னீர்கள்? மேலே போய்ப் பார்த்தேன், வாய்ப்பாடுதான் இருக்கிறது.

செங்காங் ஜெயா | மாலை 4.30
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது சாதாரண சர்வீஸ் மீனா. கெமிக்கல் வாஷ் வேறு. சொல்லிவிட்டேன்.

உட்லண்ட்ஸ் ரவி | மாலை 5.15
மின்கட்டணத்துக்குப் பயந்து வாங்காமல் இருக்காதீர்கள். 40 வாட் மெஷின் இரவு 10 மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தாலும் 12 காசு. வடிகட்டிதான் பணம் தின்னும். வாங்கும் முன் மாற்று வடிகட்டி என்ன விலை என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை, வருடா வருடம் அனுபவிக்கிறேன்.

அங்மோகியோ சுமதி | திங்கட்கிழமை, காலை 9.00
மீனா, என்ன ஆயிற்று?

பொங்கோல் மீனா | 24 நாள் கழித்து, இரவு 10.52
எல்லோருக்கும் நன்றி, பதில் போட நேரமே இல்லை. மருந்தகம் போனோம். மூக்கு ஸ்பிரே கொடுத்தார்கள், பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் தேதிக்குக் காத்திருக்கிறோம். மெத்தைக்கு உறை போட்டாயிற்று. தலையணையைத் தூக்கிப் போடுவது பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது, இப்போதைக்கு அதற்கும் ஓர் உறை. காலைத் தும்மல் நாலைந்தாகக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மெஷினும் வந்துவிட்டது, நான் இங்கே கேட்ட அன்று இரவே வீட்டுக்காரர் ஆர்டர் போட்டிருக்கிறார். மாமியார் அறையில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணிப் புகையில் மெஷினின் விளக்கு சிவப்பாகிறது, மாமியார் அதன் மேல் துணி போட்டு மூடிவிடுகிறார்.

தெம்பனிஸ் குமரன் | இரவு 11.03
துணி போட்டு மூடினால் மோட்டார் போய்விடும் அக்கா! சாம்பிராணி போடும் நேரத்துக்கு அணைத்துவிடச் சொல்லுங்கள்.

ஈசூன் புதுவரவு | இரண்டு மாதம் கழித்து
வணக்கம். எனக்கும் இதே பிரச்சினை. அக்கா, எந்த மாடல் வாங்கினீர்கள்? அந்த ஆஃபர் இன்னும் இருக்கிறதா?