எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்? ‘மலைச் சொந்தங்கள்’ குழுவில் பேசியது

பிரவீன் (குன்னூர்): தேனு அக்கா, புது கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான சிப் டிஸ்க், வாங்கப் போகிறேன். சாம்சங் 9100 ப்ரோ நொடிக்கு 14,700 எம்பி படிக்குமாம். டபிள்யூடி பிளாக் எஸ்என்8100 இன்னும் கொஞ்சம் அதிகம், 14,900. எதை எடுக்கட்டும்?

பிரவீன்: சாம்சங் 990 ப்ரோவும் பார்த்தேன். 7,450தான். பாதி வேகத்துக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மீனா சித்தி (ஊட்டி): அப்படியே எனக்கும் ஒரு வழி சொல் தேனு. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற லேப்டாப் ஆன் ஆகிப் பாடம் திரைக்கு வருவதற்குள் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐ5 8-ஆம் தலைமுறை, உள்ளே 1 டிபி ஹார்டு டிஸ்க்.

தேன்மொழி (கோவை): சித்தி, உங்களுக்குத்தான் இதில் பெரிய லாபம். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

தேன்மொழி: பிரவீன், எஸ்எஸ்டி பெயரை எல்லாம் ஓரமாக வை. மதர்போர்டு என்ன? எஸ்எஸ்டியைச் சொருகுகிற எம்.2 ஸ்லாட் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும், டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

பிரவீன்: பிராசசர் ரைசன் 5 7600, மதர்போர்டு பி650.

பிரவீன்: 📷 படம்

தேன்மொழி: பார். ‘எம்2_1’, அதற்குக் கீழே ‘ஜென்4 x4’. ஜென் என்றால் தலைமுறை, எண் கூடினால் வேகமும் கூடும். பி650 போர்டுகளில் சிலவற்றில்தான் ஜென் 5 ஸ்லாட் இருக்கும். பி650ஈ என்று ஒரு ‘ஈ’ சேர்ந்திருந்தால் ஒன்று கட்டாயம் உண்டு. உன்னுடையது ஜென் 4. நீ 9100 ப்ரோ வாங்கி மாட்டினாலும் வேலை செய்யும், ஆனால் 7,000 சொச்சத்தில் நின்றுவிடும். மிச்ச வேகத்துக்குக் கொடுத்த காசு வீண்.

பிரவீன்: நாளைக்கு போர்டை மாற்றினால் அப்போது பயன்படுமே அக்கா?

தேன்மொழி: மாற்றினாலும் உன் வேலைக்கு அந்த வேகம் எங்கே தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீ எடுப்பது 4கே வீடியோ. உன் கேமராவில் என்ன பிட்ரேட்?

பிரவீன்: 100 எம்பிபிஎஸ்.

தேன்மொழி: அது மெகாபிட். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், எஸ்எஸ்டி பெட்டியில் எம்பி என்று போடுவது இதைத்தான். எடிட் செய்யும்போது நாலு வீடியோவை அடுக்கி ஓட்டினாலும் 50 மெகாபைட்தான் ஓடுகிறது. கேபிளில் மாட்டுகிற பழைய சாட்டா வகை எஸ்எஸ்டியே 550 தரும். டைம்லைன் திக்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசரோ கிராபிக்ஸ் கார்டோதான், டிஸ்க் இல்லை.

தேன்மொழி: அப்புறம் மெமரி கார்டிலிருந்து இறக்குவது. உன் கார்டு யூஎச்எஸ்-1 வகை. அந்த வழியின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. எதிரே 14,000 எம்பி எஸ்எஸ்டி காத்திருந்தாலும் கார்டு அதன் வேகத்தில்தான் கொட்டும். யூஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்தால் 312 வரை போகும். மசினகுடியிலிருந்து வந்ததும் ராத்திரி உட்கார்ந்து காப்பி செய்கிறாயே, அந்த நேரம் கார்டையும் ரீடரையும் மாற்றினால்தான் குறையும்.

பிரவீன்: இதை யாரும் சொல்லவே இல்லை.

தேன்மொழி: பெட்டியில் போடுகிற எண், பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும் வேகம். 100 ஜிபி கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து படிக்கக் கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். சாட்டா எஸ்எஸ்டியில் 3 நிமிடம். ஜென் 3-இல் அரை நிமிடம், ஜென் 4-இல் 14 நொடி, ஜென் 5-இல் 7 நொடி. கால் மணி நேரம் 3 நிமிடம் ஆவது வாழ்க்கையில் தெரியும். 14 நொடி 7 ஆவதற்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தேன்மொழி: விண்டோஸ் திறப்பது, கணக்கு எழுதுகிற டாலி மென்பொருளைத் திறப்பது, பிரவுசர் திறப்பது எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கிற வேலை. அதில் ஒவ்வொன்றாக எடுக்கும் வேகம் எம்.2-இல் மாட்டுகிற நல்ல என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலேயே நொடிக்கு 70 முதல் 100 எம்பிதான். ஜென் 4-க்கும் 5-க்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்டு டிஸ்க்கோ 1 எம்பியைத் தொடவே திணறும். சித்தியின் லேப்டாப் திணறுவது இதனால்தான்.

ரமேஷ் மாமா (கோத்தகிரி): ஜென் 5 ரொம்பச் சூடாகும் என்கிறார்களே? நம் ஊர்க் குளிருக்கு ஒன்றும் ஆகாதுதானே?

தேன்மொழி: அறை குளிராக இருப்பது நல்லதுதான் மாமா. ஆனால் சிப்பின் சூடு கேபினெட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும். முதலில் வந்த ஜென் 5 டிஸ்க்குகளில் சூடு அதிகம், சூட்டை இழுத்து வெளியே விடுகிற தடித்த உலோக ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்ட முடியாது. இப்போது வருகிறவை பரவாயில்லை. இவற்றிலும் ஹீட்சிங்க் போடத்தான் வேண்டும், இல்லையென்றால் சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிரவீன்: சரி, ஜென் 4 என்றே முடிவு. அதில் எது?

தேன்மொழி: இங்கேதான் கவனம் வேண்டும். 990 ப்ரோ, 990 ஈவோ பிளஸ் இரண்டின் பெட்டியிலும் 7,000-க்கு மேல் எண் இருக்கும். எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள ப்ரோவில் தனியாக டிராம் சிப் உண்டு. ஈவோ பிளஸ்ஸில் கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். வீட்டு வேலைக்கு அது போதும். உன்னைப் போல ஒரே மூச்சில் 200, 300 ஜிபி ஏற்றி இறக்குகிறவருக்கு டிராம் உள்ளதே நல்லது. டபிள்யூடி பிளாக் எஸ்என்850எக்ஸ் இன்னொரு நல்ல தேர்வு. 7,300, அதிலும் டிராம் உண்டு. இரண்டில் எது விலை குறைவாகக் கிடைக்கிறதோ அதை எடு.

தேன்மொழி: கியூஎல்சி என்று போட்டிருந்தால் மட்டும் உன் வேலைக்கு வேண்டாம். ஒரு செல்லில் 4 பிட் அடைக்கிற வகை அது. முதலில் வேகமாக எழுதும், உள்ளே இருக்கிற தற்காலிக இடம் நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். டிஎல்சி, 3 பிட், அதுதான் வேண்டும். ஜென் 5-க்கு ஒதுக்கிய காசில் 1 டிபிக்குப் பதில் 2 டிபி வாங்கு.

ரமேஷ் மாமா: எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்கிறார்களே கண்ணு?

தேன்மொழி: தேயும் மாமா. 990 ப்ரோ 1 டிபிக்கு 600 டிபி எழுதும் வரை அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அது வரை வாரண்டி. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 600 டிபி தீர 32 வருடத்துக்கு மேல் ஆகும். 2 டிபிக்கு அந்தக் கணக்கு 1,200. பிரவீனுக்கும் இது கவலையே இல்லை.

சுந்தரம் பெரியப்பா (கோத்தகிரி): கண்ணு, என் கம்ப்யூட்டரையும் பார்க்கணும். ஐ3 4-ஆம் தலைமுறை, விண்டோஸ் 10. டாலியில் பச்சைத் தேயிலைக் கணக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. போன வாரத்திலிருந்து நடுவில் அப்படியே நின்று விடுகிறது. டக் டக் என்று ஒரு சத்தம் வேறு.

தேன்மொழி: பெரியப்பா, ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்று ஒரு இலவச மென்பொருள். ரமேஷ் மாமா பக்கத்தில்தானே இருக்கிறார், போட்டுத் தரச் சொல்லித் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். இது அவசரம்.

ரமேஷ் மாமா: 📷 படம்

ரமேஷ் மாமா: மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று வருகிறது.

தேன்மொழி: நினைத்ததுதான். கெட்டுப்போன பகுதிகள் ஏற்கனவே நிறைய. பெரியப்பா, எஸ்எஸ்டி பேச்சு அப்புறம். இப்போதே டாலியில் பேக்கப் எடுத்து பென்டிரைவில் போடுங்கள், டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, ரசீதெல்லாம் சரியாக வருகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை அந்த கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம், மறுபடி எழாமல் போகலாம்.

சுந்தரம் பெரியப்பா: சரி, இதோ உட்காருகிறேன்.

மீனா சித்தி: மூன்று வருடக் கணக்கு மாமா அது. முதலில் அதைப் பாருங்கள்.

தேன்மொழி: அந்த கம்ப்யூட்டருக்கு எம்.2 எதுவும் வேண்டாம் பெரியப்பா. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் பொருந்தும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி, 560 எம்பி வேகம். பழைய டிஸ்க்கின் கேபிளிலேயே மாட்டலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு இந்தப் பிராசசர் தேறாது. அதனால் இந்தக் கம்ப்யூட்டரில் நிறையச் செலவு செய்ய வேண்டாம். எஸ்எஸ்டி போட்டு ஓட்டுவோம், புது கம்ப்யூட்டர் வாங்கும்போது அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

தேன்மொழி: டிஸ்க் பழுதாக இருப்பதால் அதை அப்படியே நகலெடுத்து குளோன் செய்யப் போவதில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு டாலி டேட்டாவை மட்டும் ஏற்றுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா: யூபிஎஸ் பேட்டரியும் போய்விட்டது கண்ணு. கரண்ட் போனால் உடனே அணைந்துவிடுகிறது.

தேன்மொழி: முதலில் அதை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து எத்தனை தடவை கரண்ட் போகிறது! கரண்ட் திடீரென்று போனால் காப்பாற்றுகிற கெபாசிட்டர் சர்வர் டிஸ்க்குகளில் இருக்கும், நாம் வாங்குகிறவற்றில் பெரும்பாலும் இருக்காது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் டாலி டேட்டா கெடும். பத்து நிமிடம் தாங்குகிற யூபிஎஸ் இருந்தால் போதும்.

மீனா சித்தி: என் லேப்டாப்?

தேன்மொழி: சித்தி, உங்கள் மாடலில் காலியாக ஓர் எம்.2 ஸ்லாட் இருக்கிறது, சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டேன். அந்த ஸ்லாட் ஜென் 3 என்விஎம்இ. டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 1 டிபி போதும். பெட்டியில் 4,150 என்று இருக்கும், உங்கள் ஸ்லாட்டில் 3,500 பக்கம் ஓடும். ரேம் 4 ஜிபிதான் இருக்கிறது, அதை 8 ஆக்குங்கள். 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 தாராளமாகப் போடலாம். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும், வினாத்தாள், படம் எல்லாம் அதில் வைத்துக்கொள்ளலாம்.

மீனா சித்தி: மாட்டுவது பிரவீனே செய்வானா?

பிரவீன்: செய்கிறேன் சித்தி. அக்கா, எப்படி என்று சொல்லுங்கள்.

தேன்மொழி: பேட்டரி கனெக்டரை முதலில் கழற்று. டிஸ்க்கின் வெட்டுப் பள்ளமும் ஸ்லாட்டின் தடுப்பும் நேராக வர வேண்டும். சாய்வாக நுழைத்தால் எளிதாகப் போய் உட்காரும், மாட்டிய பிறகும் மறுமுனை கொஞ்சம் தூக்கியபடி நிற்கும். அதை மெதுவாக அழுத்தித் திருகைப் போடு. அந்தத் திருகு டிஸ்க் பெட்டியில் வராது, லேப்டாப்பிலும் பல நேரம் இருக்காது. நான் இரண்டு அனுப்புகிறேன். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கிற லேபிளைப் பிய்க்காதே, வாரண்டி போய்விடும். உன் கம்ப்யூட்டரில் ஹீட்சிங்க்குக்கு அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை மட்டும் கட்டாயம் உரித்துவிட வேண்டும். நிறையப் பேர் அதோடேயே மாட்டிவிட்டுச் சூடாகிறது என்று கொண்டு வருகிறார்கள்.

தேன்மொழி: சித்தி, மார்கழியில் லேப்டாப்பை ராத்திரி முழுக்கக் காரில் விட்டிருந்தால், வீட்டுக்குள் கொண்டு வந்த உடனே ஆன் செய்யாதீர்கள். சில்லிட்ட போர்டில் நீர் பூக்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் அறையில் வைத்துவிட்டு எடுங்கள்.

பிரவீன்: பழைய வீடியோ எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கே மாற்றிவிடட்டுமா?

தேன்மொழி: வேண்டாம். வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பீரோவில் வைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல, மெல்ல மெல்ல டேட்டா மங்கும். அதற்கு ஹார்டு டிஸ்க்தான், அதுவும் இரண்டு பிரதி. உயரத்தாலும் பிரச்சினை இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 3,000 மீட்டர் வரை அனுமதி உண்டு, ஊட்டி 2,240 மீட்டர்தான். ஆனால் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகும்போது கையில் இருக்க வேண்டியது எஸ்எஸ்டி. அதில் சுழல்கிற தட்டே கிடையாது.

ரமேஷ் மாமா: ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு வருகிறதே?

தேன்மொழி: போலி மாமா. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை ஒட்டி, அளவை மட்டும் பெரிதாகக் காட்டும். நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிவிடும். தொடவே தொடாதீர்கள்.

தேன்மொழி: இன்னொன்று. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது. குரூசியல் பெயரில் கடைகளுக்கு விற்பதை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. குறையட்டும் என்று காத்திருப்பதில் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரவீன்: அப்படியென்றால் எனக்கு 990 ப்ரோ அல்லது எஸ்என்850எக்ஸ், 2 டிபி. கூடவே யூஎச்எஸ்-2 கார்டும் ரீடரும்.

தேன்மொழி: உன் கேமரா யூஎச்எஸ்-2 கார்டை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

சுந்தரம் பெரியப்பா: கண்ணு, பென்டிரைவில் ஏறிவிட்டது. ரமேஷ் வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம், நேற்று இலை போட்ட ரசீது வரை சரியாக இருக்கிறது.

தேன்மொழி: நல்லது பெரியப்பா. அதையே இன்னொரு பென்டிரைவிலும் போட்டு மாமாவிடம் கொடுத்து வையுங்கள். மூன்று டிஸ்க்கும் சித்தியின் ரேமும் இங்கேயே பில்லோடு வாங்கிவிடுகிறேன். சனிக்கிழமை மேலே வருகிறேன், யூபிஎஸ் பேட்டரி மட்டும் அதற்குள் மாற்றி வையுங்கள்.